300 வெள்ளிக்குள் ஒரு இழைப்புளி

பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: “அக்கா, கையில 300 வெள்ளி இருக்கு. எந்தக் கெத்தாம் வாங்கலாம்?” மழை பிடித்த நாளிலிருந்து அவன் வீட்டு அறைக்கதவு நிலையில் முட்டுகிறதாம். அதோடு, புது வீட்டுக்குச் சாமி மேடையைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஓர் ஆசை. மலாயில் கெத்தாம் என்றால் நண்டு. மரம் சீவும் இழைப்புளிக்கும் அதே பெயர். இணையக் கடையில் அந்த ஒரு சொல்லை மட்டும் தட்டினால் நண்டும் சேர்ந்து வந்து நிற்கும். ‘கெத்தாம் காயு’ என்று முழுசாகப் போட வேண்டும்.

இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. ஏழெட்டு வருஷமாக ஆயிர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், துணி காயப்போடும் இடத்தில் மேசை போட்டு மரவேலை செய்கிறேன். அதற்குள் ஐந்து வகை இழைப்புளி கைக்கு வந்து போயிருக்கிறது. தங்கியவை இரண்டு. என் காசு போனது போகட்டும், அவனுடையதாவது மிஞ்சட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மின்சார இழைப்புளியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். குத்தகை எடுத்து வேலை செய்பவர்களுக்கு அது சரி. அடுக்குமாடியில் ஒரு தரம் ஓட்டினால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர் புளோக் மூன்றும் எட்டிப் பார்க்கும். கதவு ஓரத்தில் ஒரு நொடி அசந்தால் பள்ளம் விழும். அதை நிரவ மறுபடியும் கை இழைப்புளிதான் வேண்டும்.

முதலில் மரத்தைப் பேச வேண்டும்

இழைப்புளி வாங்குவது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பைன், ஓக், வால்நட் என்று குளிர்நாட்டு மரங்களை மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். நம் மரக்கடையில் கிடைப்பது மெராந்தி, ஞாத்தோ, கெம்பாஸ், காசு இருந்தால் செங்கால். மெராந்தி போன்ற நம் மரங்கள் பலவற்றில் நார் ஒரே திசையில் ஓடாது. மரம் பருக்கும்போது கொஞ்ச காலம் வலப்பக்கம் முறுக்கிக்கொண்டும், அப்புறம் கொஞ்ச காலம் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டும் வளர்கிறது. பலகையாக அறுத்தால் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை நம் கைக்குப் பணிந்து படுத்திருக்கும். அடுத்த பட்டை எதிர்த்து நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பட்டுப் புடவை மாதிரி பட்டை பட்டையாக நிறம் மாறுகிறதே, அது இதனால்தான். பார்க்க அழகு. இழைக்கும்போது அதுவே சனியன். ஒரு பட்டை வழுக்கிக்கொண்டு வரும். பக்கத்துப் பட்டை பொத்துப் பொத்தாகப் பிய்த்துக்கொண்டு வரும். பலகையைத் திருப்பிப் போட்டால் பிய்கிற இடம் மாறும், அவ்வளவுதான்.

ரப்பர் மரம் இன்னும் ஒரு படி மேல். கடையில் கிடைக்கும் ரப்பர் பலகை ஒரே மரத்துண்டு இல்லை. கைவிரல்களைக் கோத்த மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளை முனையோடு முனை கோத்து, பக்கவாட்டிலும் பசை போட்டு ஒட்டியது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் அதில் ஒரு பங்குக்கு அது எதிர்நார். தோட்டத்தில் 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்ததும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்களே, அந்த மரம்தான். எங்கள் பாட்டி காலத்தில் அதை அடுப்புக்கும் சூளைக்கும் தவிர வேறெதற்கும் யாரும் சீந்தவில்லை. மருந்தேற்றி உலர்த்தி மேசை நாற்காலி செய்து கப்பலேற்றியது 1980களில் பெருகிய தொழில். விடியற்காலையில் பால் வெட்டப் போன பாட்டி அந்த மரத்தைத் திட்டிக்கொண்டேதான் போவார். இழைக்கும்போது நானும் திட்டுகிறேன்.

ஆகவே ஒரு இழைப்புளியை எடுத்தால் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: நார் எதிர்க்கிற இடத்தில் பிய்க்காமல் சீவுமா? அதற்கு வழி இரண்டு. ஒன்று, தகட்டை நிமிர்த்தி வைப்பது. இரும்பு இழைப்புளியின் வழக்கமான சாய்வு 45 பாகை. அதை 50, 55 என்று நிமிர்த்தினால் நாரை நெம்பிக் கிளப்பாமல் வெட்டும். தள்ளத்தான் கொஞ்சம் கூடப் பலம் வேண்டும். இன்னொன்று, வெட்டும் தகட்டின் மேல் படுத்திருக்கும் மேல்தகட்டை வெட்டுமுனைக்கு மயிரிழை தூரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. சீவல் மேலே ஏறியதும் அதில் முட்டி மடங்குகிறது. முன்னால் இருக்கும் நாரைக் கிழித்துக்கொண்டு ஓட அதற்கு இடமில்லாமல் போகிறது. ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், காட்டோ என்ற இரு பேராசிரியர்கள் இதை நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். 2012 வாக்கில் அந்தப் படம் இணையத்தில் பரவியபோது ஆங்கிலம் பேசும் மரவேலைக்காரர்கள் என்னமோ புதையல் கிடைத்த மாதிரி குதித்தார்கள். பிறை என்ற ஊர்ப் பக்கம் படகுப் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா எங்கள் புளோக்கில் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். “இதை எல்லாமா படம் எடுக்கிறாங்க?” என்றார்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதிது, மலிவு, இரும்பு

நான் முதலில் விழுந்தது இதில்தான். இணையத்தில் 69 வெள்ளி, படத்தில் பளபளப்பு, 4ஆம் எண் அளவு. அதாவது ஒன்பதரை அங்குல நீளம், 2 அங்குலத் தகடு. பெட்டியைப் பிரித்ததும் ஒரு பலகையில் வைத்துத் தள்ளினேன். நாலாவது தள்ளலில் வாய், அதாவது அடியில் தகடு எட்டிப் பார்க்கும் துளை, அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் தகட்டுக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் சீவல் பிழிந்த இடியாப்பம் மாதிரி திணிந்து கிடக்கிறது. மேல்தகட்டின் முனை தகட்டில் படியவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நோட்டுத்தாள் நுழைந்தது. அடிப்பாகத்தில் ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால் வாய்க்கு முன்னால் வெளிச்சம் தெரிந்தது. தகட்டைத் தாங்கும் சாய்மானத்தில் பெயின்ட் கட்டி கட்டியாக இருந்ததால் தகடு ஆடியது.

இதெல்லாம் தீர்க்கக்கூடிய கோளாறுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டுத் தீர்ந்தது. தீராதது தகட்டின் எஃகு. கெம்பாஸில் பத்துத் தள்ளல், முனை மழுங்கிவிடும். தீட்டு, பத்துத் தள்ளல், மறுபடி தீட்டு. நல்ல தகடு தனியாக வாங்கிப் போடலாம் என்று பார்த்தால் தகட்டின் விலை இழைப்புளியைத் தாண்டியது. அதைத் தம்பி ஒருவனுக்குப் பெயின்ட் சுரண்டக் கொடுத்துவிட்டேன்.

பெயர் பெற்ற கம்பெனியின் புதிய 4ஆம் எண் இதைவிட நிச்சயம் மேல். வார்ப்பு கனமாக இருக்கும், தகடு ஓரளவு முனை தாங்கும். ஆனால் 300 வெள்ளியில் பெரும்பங்கு அதற்கே போய்விட்டால் தீட்டுக்கல்லுக்கு என்ன மிஞ்சும்? பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மெராந்தியில் ஓடாது, அதையும் உட்கார்ந்து சரிசெய்யத்தான் வேண்டும். எப்படியும் வேலை உண்டு என்றால் வேலைக்கு ஏற்ற இரும்பையே தேடலாமே. ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகிற மேல்நாட்டு இழைப்புளிகள் பெட்டியிலிருந்தே ஓடும் என்கிறார்கள். ஓடட்டும்.

லோரோங் கூலிட்

ஜார்ஜ் டவுனில் நகர விளையாட்டரங்கத்தை ஒட்டி லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை. காலையில் கூடி, வெயில் ஏறினால் கலைந்துவிடும். பழைய கடிகாரம், கிராமபோன் தட்டு, ஒற்றைச் செருப்பு, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் தார்ப்பாயில் பரப்பியிருக்கும். அதற்கு நடுவில் துருப்பிடித்த இழைப்புளி அவ்வப்போது தலைகாட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் வந்த சாமான்களின் மிச்சமோ என்று எனக்கு ஓர் ஊகம். கோலாலம்பூர்க்காரர்களுக்கு அம்கார்ப் மாலில் கூடும் வாரச் சந்தை உண்டு. அங்கே சேகரிப்பவர்கள் கூட்டம் அதிகம், பேரம் கடினம்.

இந்த இரும்பு இழைப்புளியின் அமைப்பு லெனர்ட் பெய்லி என்ற அமெரிக்கருடையது. 1869இல் ஸ்டான்லி கம்பெனி அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்ட் கம்பெனி 1931இல் அதே அமைப்பில் தன் இழைப்புளிகளை இறக்கியது. கொஞ்ச காலத்தில் ஸ்டான்லியும் ஷெஃபீல்டிலேயே பட்டறை போட்டது. அதனால் நமக்கு ஒரு வசதி: இரண்டு கம்பெனியின் 4ஆம் எண் தகடும் மேல்தகடும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். உடைந்த ஒன்றை 10 வெள்ளிக்கு வாங்கி, நல்ல ஒன்றுக்கு உறுப்பு தானம் செய்யலாம்.

நான் வாங்கிய ரெக்கார்ட் 4ஆம் எண்ணுக்கு சீன அங்கிள் 80 சொன்னார். நான் 35இல் தொடங்கினேன். “அமோய், இது இங்கிலாந்து சாமான்” என்று தலையில் அடித்துக்கொண்டார். 45க்கு முடிந்தது. பேரத்தைவிட அதற்கு முந்திய பத்து நிமிஷம்தான் முக்கியம், அதைச் சொல்கிறேன்.

பையில் ஒரு திருப்புளி, ஆறு அங்குல இரும்பு ஸ்கேல், சின்ன டார்ச். முதலில் துருவைப் பார்க்கவே பார்க்காதே. மேல்துரு ஒரு பொருட்டே இல்லை. தகட்டையும் கழற்றும் பாகங்களையும் கழற்றிவிட்டு, வெறும் உடலை இரு விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டு. கணீரென்றால் நல்லது. சட்டி உடைந்த மாதிரி சத்தம் வந்தால் எங்கோ விரிசல். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, உடையும். வாயின் இரு மூலைகளிலும், பக்கச் சுவர் அடியோடு சேரும் இடத்திலும் டார்ச் அடித்துப் பார். விரிசல் இருந்தால் 5 வெள்ளிக்குக்கூட வேண்டாம்.

அடுத்து, திருகாணிகளை எண்ணு. பழைய ஸ்டான்லி, ரெக்கார்டின் புரிகள் தனி ரகம். நம் ஹார்ட்வேர் கடை மெட்ரிக் திருகாணி எதுவும் ஏறாது. ஒன்று குறைந்தாலும் வருஷக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். நான் தேடியிருக்கிறேன்.

பிறகு தகடு. நடுவில் நீளமாக ஒரு வெட்டு ஓடுமே, அதன் கீழ் முனையிலிருந்து வெட்டுமுனை வரை ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். புறத்தில், அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கத்தில், முனையை ஒட்டித் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் தீட்டித் தீராது. குழி மேலே எங்கோ இருந்தால் கவலை இல்லை. கைப்பிடி உடைந்திருப்பது சகஜம். மரக்கடையில் கிடைக்கும் ஒரு துண்டு மெர்பாவில் புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சின்ன இரும்புப் பாகங்களை ஓர் இரவு காடியில் (வினிகர்) ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, கழுவி, உடனே துடைத்து எண்ணெய் போட வேண்டும். தகட்டை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரத்துக்குப் புளி போதும், குத்துவிளக்குக்குச் செய்வதுதான். எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய் இல்லை. தையல் மெஷின் எண்ணெய். பினாங்குக் கடற்காற்றுக்கு வாரம் ஒரு தரம் துடைத்தாக வேண்டும்.

சீனக் கட்டை

ஹார்ட்வேர் கடைகளில், முதலாளி தாவ்கேயின் தலைக்கு மேல் தூசி பிடித்துத் தொங்கும் மர இழைப்புளியைப் பார்த்திருப்பாய். கெட்டி மரக்கட்டை, குறுக்கே கொம்பு மாதிரி ஒரு பிடி, தகட்டை இறுக்க ஓர் ஆப்பு. நான் வாங்கியபோது 38 வெள்ளி. சக்கரமும் கிடையாது, நெம்புகோலும் கிடையாது. இரும்பு இழைப்புளியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏதோ விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். நானும் ஒரு வருஷம் அதைக் கடந்துதான் போனேன்.

கோணமானியை வைத்து அளந்தேன், என் கட்டையில் தகடு 50 பாகைக்கு நிமிர்ந்து நின்றது. மேல்தகடும் உண்டு. அதாவது நமக்கு வேண்டிய இரண்டு வழியும் இந்த 38 வெள்ளிக்குள்ளேயே இருந்தது. தகடு தடிமன், அதனால் நடுங்குவதில்லை. மரத்தின் மேல் மரம் வழுக்குவதால் கை அவ்வளவு சீக்கிரம் சோர்வதுமில்லை. குறுக்குப் பிடியை இரு கையாலும் பிடித்து, ஆட்டுக்கல் மாவைத் தள்ளுகிற மாதிரி உடம்போடு சேர்த்துத் தள்ள வேண்டும்.

பழகச் சிரமம் என்று சொன்னால் அது தட்டிச் சரிசெய்வதுதான். கட்டையைக் கவிழ்த்து, அடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தகடு எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். தகட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, கொஞ்சம் இறங்கும். கட்டையின் பின்முதுகில் தட்டினால் ஏறும். ஒரு பக்கம் கோணினால் தகட்டைப் பக்கவாட்டில் தட்டு. ஒவ்வொரு தரமும் ஆப்பை மறுபடி ஒரு தட்டு தட்டி இறுக்கு. முதல் வாரம் எனக்கு அழுகையே வந்தது. மூன்றாம் வாரம் சக்கரத்தைத் திருப்புவதைவிட இது சீக்கிரமாக முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. கட்டை மரம், மழையில் ஊதும், வறட்சியில் சுருங்கும். வருஷத்துக்கு ஓரிரு முறை அடியை மணல்தாளில் நிரவ வேண்டியிருக்கிறது. ஏர்கான் அறையிலும் வெளியிலும் மாற்றி மாற்றி வைத்தால் ஆப்பு தளர்ந்துவிடும். வாங்கும்போது கடையிலேயே நாலைந்தை இறக்கச் சொல்லி, வெடிப்பு இல்லாததை, ஆப்பு இரு பக்கமும் சமமாக உட்காருவதை எடு. தாவ்கே முறைப்பார், பரவாயில்லை.

ஜப்பானியப் பழைய சாமான் கடைகளில் கன்னா கிடைக்கிறது. இழுத்துச் சீவுகிற வகை. என்னிடம் ஒன்று இருந்தது. தகடு இரட்டை உலோகம், முனை அபாரம், ஆனால் அந்தத் தகடும் கட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்த மாதக்கணக்கில் செதுக்க வேண்டும். சாய்வும் 40 பாகை அளவில்தான். மென்மரத்துக்குப் பிறந்தது. இரண்டாவது இழைப்புளியாக வாங்கலாம், முதலாவதாக வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி இழைப்புளியும் அப்படித்தான். ஓரம் மழுக்க, முனை சீவ நல்ல துணை; சாமி மேடைப் பலகையை அதை வைத்து நிரவப் போனால் அலை அலையாக வரும்.

தீட்டுவதும் படிய வைப்பதும்

எதை வாங்கினாலும் இது இல்லாமல் ஒன்றும் நடக்காது. 300இல் 60, 70 வெள்ளியை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடு. நான் வைத்திருப்பது ஒரு பக்கம் 400ஆம் எண், மறுபக்கம் 1000ஆம் எண் சொரசொரப்பு உள்ள வைரத்தூள் தீட்டுத்தகடு, தகட்டைக் கோணம் மாறாமல் பிடிக்க உருளை வைத்த ஒரு பிடி, பச்சை மெருகுப் பசை தடவிய பழைய இடுப்பு வார். கண்ணாடித் துண்டும் மணல்தாளும் வைத்தும் தொடங்கலாம்தான். ஆனால் மணல்தாள் வாங்கி வாங்கியே வைரத்தூள் தகட்டின் காசு போய்விடும்.

தகட்டின் புறத்தை முழுசாகத் தட்டையாக்கத் தேவையில்லை. முனையை ஒட்டிய விரல்நகம் அளவுப் பகுதி கண்ணாடியாக மின்னினால் போதும். சரிவுப் பக்கம் 25 பாகை, கடைசியில் 30 பாகையில் நாலைந்து இழுப்பு. புறத்தில் விரல் நுனியால் தடவினால் முழு அகலத்துக்கும் பிசிறு தட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் தட்டுப்படவில்லை என்றால் அங்கே இன்னும் முனை எட்டவில்லை. பிசிறை வாரில் இழுத்து எடு. நம் மரத்தில் அரைமணிக்கு ஒரு முறை தீட்டத்தான் வேண்டும், சோம்பல் படாதே.

இரும்பு இழைப்புளியின் அடியை நிரவுவதில் எல்லாரும் அளவு மீறுகிறார்கள். முன் முனை, வாய்க்குச் சற்று முன்னால், பின் முனை: இந்த மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். அடியில் மார்க்கரால் குறுக்கு நெடுக்காகக் கோடு போட்டு, தடித்த கண்ணாடியின் மேல் ஒட்டிய 80ஆம் எண் மணல்தாளில் தேய். தகட்டை உள்ளே இழுத்துவைத்து, ஆனால் கழற்றாமல் இறுக்கியபடியே தேய்க்க வேண்டும், இறுக்கத்தில் உடல் கொஞ்சம் வளையும் என்பதால். மூன்று இடத்திலும் மார்க்கர் மறைந்ததும் நிறுத்து. முழு அடியும் பளபளக்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கத் தேய்த்து, கடைசியில் முனைகளை உருட்டி வைத்தவள் நான்.

பித்தளைச் சக்கரத்தில் கொஞ்சம் வெற்றுச் சுழற்சி எப்போதும் இருக்கும். தகட்டை ஏற்ற வேண்டியிருந்தால் தேவைக்கு மேலேயே ஏற்றிவிட்டு, பிறகு இறக்கி நிறுத்து. கடைசித் திருகல் எப்போதும் இறக்குகிற பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழைக்க இழைக்கத் தகடு பின்வாங்கும்.

இனி மேல்தகடு. எனக்கு நாலு வருஷம் விளங்காமல் போனது இது. மெராந்தியில் பிய்கிறதே என்று நான் இழைப்புளியின் வாயைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாமா ஒரு மாலையில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வாயை மூடுறதை விடும்மா. உதட்டைப் பாரு.” அவர் உதடு என்றது மேல்தகட்டின் முனையை.

மேல்தகட்டைக் கழற்றி, முனையின் அடிப்பக்கத்தைக் கல்லில் வைத்து, வாலைக் கல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்தித் தேய்த்தார். அப்படித் தேய்த்தால் நுனி மட்டுமே தகட்டைத் தொடும், பின்பகுதி விலகி நிற்கும். இரண்டையும் சேர்த்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் ஒரு கீற்றுக்கூட வரவில்லை. பிறகு முனையின் முன்பக்கத்தை 50 பாகை அளவுக்கு நிமிர்த்தித் தீட்டி, வாரில் மெருகேற்றினார். திருகாணியைப் பாதி இறுக்கி, கட்டைவிரலால் நகர்த்தி நகர்த்தி, தகட்டின் முனையில் ஒரு வெள்ளி நூல் அளவுக்கு மட்டும் உலோகம் தெரியும்படி நிறுத்தி முழுசாக இறுக்கினார். இறுக்கும்போது அது கொஞ்சம் முன்னால் நகரும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். அவர் அளவு எதுவும் பார்க்கவில்லை. கவாய், காட்டோ சொல்கிற கணக்கு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர்.

சரியாக வைத்திருக்கிறோமா என்று சீவலே சொல்லும். வழக்கமாகச் சுருண்டு சுருண்டு விழும் சீவல், உதடு சரியான தூரத்தில் இருந்தால் சுருளாமல் நேராக நாடா மாதிரி மேலே எழும்பி வரும். புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து வந்து தள்ளவும் கனத்தால், அளவுக்கு மீறி நெருக்கிவிட்டாய். ஒரு நூல் பின்னால் எடு. உதட்டை நெருக்கியதும் வாயைக் கொஞ்சம் அகலமாகவே விடு, சீவல் வெளியேற வழி வேண்டும். கனமாகச் சீவித் தள்ளும் முதல் கட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னால், கடைசி மெருகுக்கு நெருக்கமாக. அடியில் அவ்வப்போது மெழுகுவர்த்தியை ஒரு கோடு இழு, பாதிப் பாரம் குறைந்தது மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அவர் என் ரெக்கார்டால் ஒட்டு ரப்பர் பலகையில் ஒரு தள்ளு தள்ளினார். எட்டுப் பத்துத் துண்டு, எட்டுப் பத்துத் திசை. ஒரு பொத்துக்கூட விழவில்லை. கோத்த விரல்களின் கோடு மட்டும் பென்சிலால் வரைந்த மாதிரி தெரிந்தது.

அப்போ எது?

தம்பி, உனக்கு இந்த மாதமே வேலை ஆக வேண்டும் என்றால் சீனக் கட்டை ஒன்று, சுமார் ஓர் அடி நீளத்தில். கூடவே தீட்டும் சாமான். 120 வெள்ளியைத் தாண்டாது. ஒட்டுப்பலகையோ ஞாத்தோவோ, சாமி மேடைக்கு அது தாராளம். மீதியைச் செலவழிக்காதே. இரண்டு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரி ஏறி இந்தப் பக்கம் வா, லோரோங் கூலிட்டில் நல்ல 4ஆம் எண் ஒன்று சிக்கும்வரை சேர்ந்து தேடுவோம். சிக்கியதும் அதை மெருகுக்கு மட்டும் வைத்துக்கொள்; முரட்டு வேலையைக் கட்டை பார்த்துக்கொள்ளும். என் வீட்டில் தங்கிய இரண்டும் இவைதான்.

தட்டிச் சரிசெய்யப் பொறுமை வராது என்று உனக்கே தோன்றினால் கட்டையை விடு, நேராகப் பழைய இரும்புக்குப் போ. புதிய மலிவு இரும்பு மட்டும் வேண்டவே வேண்டாம், 49 வெள்ளிக்குத் தள்ளுபடி என்று வந்தாலும்.

கதவை இப்போது இழைக்காதே. மழையில் மரம் அகலவாட்டில் ஊதி நிற்கிறது. இந்த நிலையில் தாராளமாகச் சீவிவிட்டால் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் சுருங்கி, நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விரல் போகும். அவசரம் என்றால் முட்டுகிற இடத்தில் மட்டும் பென்சில் கோடு போட்டு, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் எடு. பூட்டை முதலில் கழற்றிவிடு. கதவின் தலையையும் காலையும் இழைக்க வேண்டி வந்தால், ஓரத்தைத் தாண்டி வெளியே தள்ளாதே, கதவின் நெடுக்குச் சட்டத்தின் முனை பிளந்துகொண்டு போகும். இரு ஓரத்திலிருந்தும் நடுவைப் பார்த்துத் தள்ளு. இழைத்த இடம் வெறும் மரமாக இருந்தால் அடுத்த மழைக்கு மறுபடி குடிக்கும், அன்றைக்கே வார்னிஷ் பூசிவிடு.